வீட்டுக்குப் பின்னால் உறைந்திருக்கும் குளத்தில் பிள்ளைகளோடு நடக்கலாமா?

கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் முதல் வின்ரரைக் காணும் ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளம் உறைந்துவிட்டது, ஒரு வாரமாக மைனஸ் 10ஐ ஒட்டியே குளிர் நிற்கிறது, யாரோ அதன் மேல் நடந்த கால் தடங்களும் தெரிகின்றன. ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இருக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்களும் நடக்கலாமா, எத்தனை நாள் குளிர் இருந்தால் ஐஸ் தாங்கும்? யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும் அம்மாவையும் வெளியே கூட்டிப்போக வேறு இடம் உண்டா?

இதில் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒன்று, மற்றவர்களின் கால் தடத்தை நம்பலாமா என்பது. மற்றது, இப்படியே நான்கு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டுமா என்பது. முதல் கேள்விக்கு என் பதில்: அந்தக் குளத்தில் கால் வைக்க வேண்டாம். இந்த வாரம் மட்டுமல்ல, எந்த வாரமும் வேண்டாம். இரண்டாவதற்கு: அடைந்து கிடக்கத் தேவையே இல்லை. உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச நேரக் கார் ஓட்டத்தில் காடும் இருக்கிறது, கடற்கரை போன்ற ஏரிக்கரையும் இருக்கிறது. நான் ஸ்காபுரோவில் 27 வருடமாக இருக்கிறேன். முதலுதவி வகுப்பு எடுப்பவன். சனிக்கிழமைகளில் நம் ஆட்கள் சிலரோடு, வின்ரரிலும் விடாமல், காட்டில் நடப்பவன். மருத்துவன் அல்ல. உங்கள் குளத்தை நேரில் பார்த்ததும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, மலைநாட்டு மூடுபனியும் பனி, இங்கே வானத்திலிருந்து கொட்டுவதும் பனி, குளத்தின் மேல் இறுகிக் கிடப்பதும் பனி என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் போட்டுப் பழகியவர்கள் நாம். இங்கே அது ஆபத்து. விழுவது ஸ்னோ, நீர் உறைந்தது ஐஸ். ஸ்னோ நிறைய விழுந்தால் ஐஸும் தடித்திருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். நடப்பது நேர்மாறானது. ஸ்னோ ஒரு கம்பளி போல ஐஸை மூடிக்கொள்ளும். மேலே உள்ள குளிர் கீழே இறங்காது, அதனால் ஐஸ் தடிப்பது மெதுவாகிவிடும். அது மட்டுமில்லை, ஐஸின் நிறத்தையும் வெடிப்பையும் மறைத்துவிடும். பாரமான ஸ்னோ ஐஸைக் கீழே அழுத்தும்போது வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி, சேறு போல ஊறி, பிறகு வெள்ளை ஐஸாக உறையும். அந்த வெள்ளை ஐஸின் பலம், தெளிந்த ஐஸின் பலத்தில் பாதி என்றுதான் கணக்கு வைப்பார்கள்.

குளம் எப்படி உறைகிறது என்பதைப் பார்த்தால் மற்றது விளங்கும். தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 பாகையில். அதைவிடக் குளிர்ந்தால் இலேசாகி மேலே வரும். ஆகவே குளம் மேலிருந்து கீழாக உறைகிறது. அடியில் கிட்டத்தட்ட 4 பாகைத் தண்ணீர் முழு வின்ரரும் கிடக்கும், மீன்கள் அதில்தான் பிழைக்கின்றன. ஐஸைக் கீழிருந்து தாங்குவதும் அந்தத் தண்ணீர்தான், கீழிருந்து அரிப்பதும் அதுதான். ஓட்டம் இருக்கிற இடத்தில், ஊற்று இருக்கிற இடத்தில், நாணல் முளைத்த கரையோரத்தில், மரக்குற்றி செருகி நிற்கிற இடத்தில் ஐஸ் மெலிந்தே இருக்கும். ஒரே குளத்தில் நடுவே 15 சென்றிமீற்றரும், பத்தடி தள்ளி 4 சென்றிமீற்றரும் இருப்பது சாதாரணம்.

அளவு பற்றிச் சொன்னால், தெளிந்த, நீலம் பாய்ந்த ஐஸ் குறைந்தது 10 சென்றிமீற்றர் தடித்திருந்தால் ஒரு ஆள் நடக்கலாம் என்பது பரவலான விதி. கனடிய செஞ்சிலுவைச் சங்கம் இன்னும் கண்டிப்பு: தனி ஆள் நடக்க 15, பலர் கூடி விளையாட 20. வெள்ளை ஐஸ் என்றால் இரட்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். சாம்பல் நிற ஐஸ் என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, கிட்டவே போகக் கூடாது. “எத்தனை நாள்” என்று கேட்டீர்களே, அதற்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. மைனஸ் 10இல் ஒரு வாரம் நின்றால், ஓட்டமில்லாத நீரில் 15 சென்றிமீற்றர் அளவுக்குக் கூட ஐஸ் வரலாம். அதாவது காகிதத்தில் பார்த்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு ஒரு சாதாரண ஏரிக்குப் போட்டது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஏரியும் அல்ல, சரியாகச் சொன்னால் குளமும் அல்ல.

புதிய வீட்டுத் தொகுதிகளுக்கு நடுவே, சுற்றி நடைபாதையும் நாணலுமாக இருக்கும் இந்தக் குளங்களில் பெரும்பாலானவை மழைநீரைப் பிடித்துவைக்கத் தோண்டியவை. தெருக்களிலும் கூரைகளிலும் விழும் தண்ணீர் நிலத்தடிக் குழாய் வழியாக இங்கே வந்து, அழுக்கு அடியில் தங்கி, மெல்ல மெல்ல ஆற்றுக்குப் போகும். ஊரில் குளம் என்றால் கோயில் குளம், வயல் குளம். அந்தப் பழக்கத்தில் இதையும் குளம் என்று சொல்லிவிடுகிறோம். இது ஒரு வடிகால் தொட்டி. இங்கே மூன்று காரியங்கள் நடக்கின்றன. தெருவில் கொட்டிய உப்பு கரைந்து இதற்குள் வருகிறது, உப்புத் தண்ணீர் உறைய இன்னும் கூடுதல் குளிர் வேண்டும். உள்ளே வரும் குழாய் வாயிலிலும் வெளியே போகும் வாயிலிலும் எப்போதும் ஓட்டம் இருக்கும், அந்த வாய்கள் பல நேரம் நீருக்கு அடியில் இருப்பதால் உங்களுக்குத் தெரியாது. மூன்றாவது எல்லாவற்றிலும் மோசம்: நீர்மட்டம் ஏறி இறங்கும். ஐஸ் உறைந்த பிறகு நீர் இறங்கினால், ஐஸுக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று இடைவெளி வந்துவிடும். கீழிருந்து தாங்க ஒன்றும் இல்லாத ஐஸ் ஒரு கண்ணாடிக் கூரை மாதிரி. அது 15 சென்றிமீற்றர் இருந்தாலும் நான் நம்ப மாட்டேன். பெரும்பாலும் இந்தக் குளங்களின் கரையில் ஐஸில் இறங்க வேண்டாம் என்று ஒரு பலகை இருக்கும். ஸ்னோ ஒட்டிக்கொண்டிருந்தால் தட்டிவிட்டுப் படித்துப் பாருங்கள்.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. வந்த இரண்டாவது வின்ரரில், இதே போன்ற ஒரு குளத்தில், கரையிலிருந்து நான்கைந்து அடி உள்ளே, நாணல் ஓரத்தில் என் வலது கால் இறங்கியது. முழங்காலுக்கு மேல்வரை. ஆழமில்லாத இடம், அதனால் தப்பினேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் அதே தடத்தில் நடந்து போயிருந்தார்கள். வீடு 400 மீற்றர் தூரம்தான். அதற்குள் காற்சட்டை தகரம் போல விறைத்துவிட்டது, சப்பாத்தைக் கழற்ற விரல் வளையவில்லை. அன்று என்னோடு என் மூத்த மகள் வந்திருந்தால், அவளை முன்னால் ஓடவிட்டிருப்பேன் என்ற நினைப்புத்தான் என்னை இந்த வகுப்புகளுக்குக் கொண்டுபோனது.

ஆகவே கால் தடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த நேரத்தில், அந்த எடையுள்ள ஆளை, அந்த இடம் தாங்கியது. நேற்றுக் காலை மைனஸ் 14, இன்று மதியம் வெயில் என்றால் அந்தச் சாட்சி காலாவதி. அளக்காமல் ஐஸை நம்ப முடியாது. அளப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். ஒட்டாவாவில் ரிடோ கால்வாய் 7.8 கிலோமீற்றர் நீளத்துக்கு உறைந்து சறுக்கு மைதானமாகும். ரொறன்ரோவைவிடக் குளிர் கூடிய நகரம் அது. அங்கே துளையிட்டு அளந்து, ஏறத்தாழ 30 சென்றிமீற்றர் நல்ல ஐஸ் இருந்தால்தான் திறப்பார்கள். 2022–23 வின்ரரில் அது வரவில்லை என்று, 1970களின் தொடக்கத்திலிருந்து நடந்து வந்ததை முதன்முறையாக ஒரு நாள்கூடத் திறக்காமல் விட்டார்கள். பிள்ளைகளுக்கு உறைந்த நீரில் நிற்கும் அனுபவம் வேண்டுமானால் அப்படி அளந்து திறந்த இடத்துக்குக் கூட்டிப்போங்கள். அல்லது பக்கத்து நகரசபைச் சறுக்குத் திடலே போதும். ரொறன்ரோவின் ஹை பார்க்கில் உள்ள கிரெனடியர் குளம் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. 1813இல் யோர்க் (ரொறன்ரோவின் பழைய பெயர்) சண்டையின்போது பிரித்தானிய கிரெனடியர் படையாட்கள் அதன் ஐஸ் உடைந்து மூழ்கியதால் வந்த பெயர் என்று கதை சொல்வார்கள். அந்தச் சண்டை நடந்தது ஏப்ரல் 27இல், அப்போது நடக்கக் கூடிய ஐஸ் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கதையை விடுங்கள். அங்கே போனால், கரையில் அன்றைக்கு வைத்திருக்கும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் செய்யுங்கள்.

இவ்வளவு சொல்லியும் பிள்ளைகள் ஒருநாள் இறங்கிவிடலாம், அல்லது வேறு யாரோ விழுவதை நீங்கள் காணலாம். அதற்கு ஒரு கணக்கை மனதில் வைத்திருங்கள்: 1–10–1. மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர் பற்றி ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் பரப்பியது, தானே ஐஸ் தண்ணீரில் பல முறை இறங்கிப் பார்த்தவர். முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும், அது அடங்கும்வரை தலையை நீருக்கு மேலே வைத்திருப்பதுதான் வேலை. அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், வெளியே வரும் முயற்சி அதற்குள் நடக்க வேண்டும். உடல் சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். இவை பெரியவர்களுக்கான சராசரி. பிள்ளைகளின் உடல் இன்னும் வேகமாகச் சூட்டை இழக்கும். ஆனாலும் இந்தக் கணக்கில் ஒரு ஆறுதல் இருக்கிறது, விழுந்த கையோடு செத்துவிடுவோம் என்று பதறத் தேவையில்லை. ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம், அதற்குள் சிக்கிய காற்று மிதக்க உதவும். வந்த பக்கம் திரும்ப வேண்டும், ஏனென்றால் அந்த ஐஸ் கொஞ்சம் முன்பு வரை உங்களைத் தாங்கியது. முழங்கைகளை ஐஸின் மேல் போட்டு, கால்களை நீச்சலடிப்பது போல உதைத்து, உடம்பைக் கிடையாக்கி, வயிற்றால் வழுக்கி ஏற வேண்டும். ஏறியதும் எழும்பி நிற்கக் கூடாது, உருண்டு விலக வேண்டும்.

கரையில் நிற்பவர் ஓடிப்போய்க் கை கொடுப்பதுதான் நம் இரத்தத்தில் ஊறிய பழக்கம். ஒருவர் விழுந்த இடத்தில் இரண்டு சடலம் எடுப்பது அப்படித்தான் நடக்கிறது. 911க்கு அடியுங்கள். கரையில் நின்றபடியே கம்பு, சால்வை, கயிறு, நாயின் கழுத்துவார், எது கிடைக்கிறதோ அதை எறிந்து இழுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்: தம்பி விழுந்தால் அக்கா கிட்டப் போகக் கூடாது, கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடி வர வேண்டும். வெளியே எடுத்த பிறகு ஈர உடுப்பை மெதுவாகக் கழற்றிக் காய்ந்த போர்வையால் சுற்றுங்கள். தேய்க்காதீர்கள். சூடேற்ற என்று மதுவும் கொடுக்காதீர்கள், அது தோலுக்கு இரத்தத்தை அனுப்பி உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

சரி, இனி நல்ல பக்கத்துக்கு வருவோம். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2015இல் சட்டப்படி உருவானது, 79 சதுர கிலோமீற்றருக்கு மேல், ஸ்காபுரோவிலிருந்து மார்க்கம், பிக்கரிங் என்று விரிந்து கிடக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. மாஸ்ட் பாதை எனக்கு மிகப் பிடித்தது. ஏறக்குறைய 200 வருடத்துக்கு முன் பாய்க்கப்பல்களின் பாய்மரத்துக்காக வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி இழுத்துச் சென்ற தடம் அது, 2 கிலோமீற்றரை ஒட்டிய தூரம். ஆனால் தொடக்கத்தில் ஏற்றம் இருக்கிறது, அம்மாவோடு வேண்டாம். அம்மாவோடு என்றால் மிருகக்காட்சிச்சாலைப் பக்கமுள்ள விஸ்டா பாதையில் பார்வை மேடை வரை போய்த் திரும்புங்கள். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் இலையுதிர்ந்து, அடிமரங்கள் கோடு கோடாய்த் தெரியும். கோடையில் இலை மறைக்கும் நிலத்தின் மேடும் பள்ளமும் வின்ரரில்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. பீச் மரக் கன்றுகள் மட்டும் காய்ந்த இலையை உதிர்க்காமல் வைத்துக்கொண்டு, காற்றில் காகிதம் போலச் சலசலத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்குத் தடம் பார்க்கப் பழக்குங்கள். முன்னால் பெரிய பின்கால் இரண்டும் பின்னால் சின்ன முன்கால் இரண்டுமாக இருந்தால் முயலோ அணிலோ, நேர்கோட்டில் ஒற்றைக் கோவையாகப் போனால் பெரும்பாலும் கயோட்டி என்னும் காட்டு நாய். என் மகள்கள் இங்கே உயிரியல் கற்றது அப்படித்தான். அப்புறம், ஆற்றங்கரையில் ஐஸ் ஆற்றின் மேல் விளிம்பாக நீண்டிருக்கும், அதன் மேல் நிற்க விடாதீர்கள். ஓடும் நீரின் ஐஸ் எந்த வின்ரரிலும் நம்பத்தக்கதல்ல.

காட்டில் உண்மையான ஆபத்து சறுக்கி விழுவதுதான். பலர் நடந்து நடந்து ஸ்னோ இறுகி, பகலில் இளகி, இரவில் உறைந்தால் பாதை கண்ணாடியாகிவிடும். பூட்ஸின் மேல் மாட்டிக்கொள்ளும் முள் பட்டைகள் கடைகளில் கிடைக்கும், அம்மாவுக்குக் கட்டாயம் வாங்குங்கள். ஓடு அல்லது மாபிள் தரை உள்ள கட்டடத்துக்குள் போகும்போது கழற்றிவிட வேண்டும், அங்கே அதுவே சறுக்கும். ரொறன்ரோவில் ஒரு மறுவாழ்வு ஆய்வுக்கூடம் உண்மையான ஐஸ் சரிவில் ஆட்களை நடக்கவிட்டு பூட்ஸ்களைச் சோதித்து, ஸ்னோ பூ அடையாளம் போட்டுத் தரப்படுத்தி இணையத்தில் வெளியிடுகிறது. விலை கூடிய பூட்ஸ் சறுக்காது என்று இல்லை, வாங்க முன் அதைப் பாருங்கள். நடக்கும்போது சிறு சிறு அடியாக, பாதம் முழுவதும் பதிய, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி. கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்க வேண்டாம்.

உடுப்பைப் பற்றி ஊரில் யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உடம்போடு ஒட்டி இருப்பது பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து உங்களைக் குளிரவைக்கும். கம்பளியோ செயற்கை நூலோ நல்லது, அதன் மேல் தடித்த ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே காற்றை மறிக்கும் ஜாக்கெட். வெளிக்கிட்டு முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் குளிர்ந்தால் அளவு சரி. இரண்டு சோடி சொக்ஸ் போட்டு பூட்ஸை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகப் போகும் கையுறைதான் பிள்ளைகளுக்குச் சூடு. வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு வின்ட் சில் என்று, காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிராக இன்னொரு எண் வரும், அதைப் பாருங்கள். அது மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40 என்றால் 5 முதல் 10 நிமிடம். இது அரசு வெளியிடும் அளவு. நான் சின்னப் பிள்ளைகளோடு மைனஸ் 20ஐவிடக் குளிர் குறைவாக இருந்தால்தான் நீண்ட நடைக்குப் போவேன், இது என் சொந்தக் கோடு. கால்மணிக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். கன்னம், மூக்கு நுனி, காது மடல். நம் தோலில் வெள்ளை வெளேரென்று தெரியாது, சாம்பல் பூத்து மெழுகு போல இருக்கும், பிள்ளை “இப்ப நோகேல்லை” என்று சொல்லும். நோவு நின்றது நல்ல செய்தி அல்ல. வெறும் கையை வைத்துச் சூடாக்குங்கள், ஸ்னோவால் தேய்க்காதீர்கள், வீடு திரும்புங்கள். உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவமனை.

அம்மாவைப் பற்றி: குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், இரத்த அழுத்தம் ஏறும். இதய நோயோ, அழுத்தமோ, மூச்சு முட்டோ இருந்தால் முதலில் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள், அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. ஒன்றும் இல்லை என்றால் முதல் நாள் 15 நிமிடம் போதும். சேலையோடு வருவேன் என்று நின்றால் உள்ளே தடித்த நீள்காற்சட்டை போட்டுவிடுங்கள், என் மாமியார் அப்படித்தான் பத்து வின்ரர் நடந்தார். சால்வையை வாய்க்கும் மூக்குக்கும் குறுக்கே போட்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும்.

ஏரிக்கரை பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளத்துக்குப் பயப்படுகிறவர்களும் அங்கே ஏமாறுகிறார்கள். ஒன்ராறியோ ஏரி சராசரியாக 86 மீற்றர் ஆழம். அவ்வளவு தண்ணீரையும் குளிரவைக்க ஒரு வின்ரர் போதாது, அதனால் அது முழுவதும் உறைவது மிக அரிது. ஆனால் கரையோரத்தில் வெள்ளை மேடுகளாக ஒரு ஐஸ் மேடை நீண்டிருப்பதைக் காண்பீர்கள். அது ஏரி உறைந்தது அல்ல. அலை அடித்து, தெறித்து, தெறித்தது உறைந்து அடுக்கடுக்காக வளர்ந்தது. அடியில் அலை தொடர்ந்து குடைந்துகொண்டிருக்கும், நடுவே குகை போல வெறுமை இருக்கும். அதன் நுனியில் நின்று படம் எடுக்கிறார்கள். உள்ளே விழுந்தால் பிடித்து ஏற விளிம்பு இருக்காது. ஆகவே மணல் எங்கே முடிகிறது என்று தெரியாத இடத்துக்குப் போகாதீர்கள். ரொறன்ரோவின் வூட்பைன் கடற்கரையில் உயிர்காப்பாளர் மேடைகள் மணலில் நிற்கும், அவற்றைத் தாண்டாமல் இருந்தால் சரி. 2015 முதல் பெப்ரவரியில் குடும்ப தினத்தை ஒட்டி அந்த மேடைகளைச் சுற்றிக் கலைஞர்கள் பெரிய கலைப்படைப்புகள் கட்டுகிறார்கள், பிள்ளைகள் உள்ளே ஏறி இறங்கி விளையாடலாம். அங்குள்ள மரப்பலகை நடைபாதை அம்மாவுக்கும் தோது. புளஃபர்ஸ் பார்க்கிலும் கரை அழகு, ஆனால் செங்குத்து மண் பாறையின் அடிவாரத்துக்குப் போக வேண்டாம். பகலில் இளகி இரவில் உறையும் பெப்ரவரி, மார்ச்சில் அது துண்டு துண்டாகச் சரியும்.

இந்தச் சனிக்கிழமையே தொடங்குவதானால் வூட்பைனுக்குப் போங்கள். டிசம்பர் கடைசியில் மாலை 4:45–4:50க்கே சூரியன் விழுந்துவிடும், ஆகவே மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு மணிக்கு வெளிக்கிடுங்கள். ஃபோனை ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள், குளிரில் பற்றரி திடீரென்று இறங்கும். இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒரு ஃபிளாஸ்கில். ஏரியில் நீண்ட வால் இறகுகளோடு கறுப்பும் வெள்ளையுமாகக் கூட்டமாக மிதக்கும் வாத்துகளைக் கண்டால் அம்மாவுக்குக் காட்டுங்கள். ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்துவிட்டு, வின்ரரைக் கழிக்க இங்கே தெற்கே இறங்கி வருபவை அவை. அவற்றுக்கு ரொறன்ரோதான் வெப்பமான ஊர்.